பேட்ச் தேடிய பத்து நிமிஷம்

அக்கா,

இன்று காலை குளித்துவிட்டு வந்து இடுப்பைத் தடவிப் பார்த்தேன். அங்கே ஒட்டியிருந்த மருந்து பேட்ச் இல்லை. துண்டை உதறினேன், பாவாடையைத் திருப்பிப் பார்த்தேன், குளியலறைத் தரையில் மண்டியிட்டுத் துழாவினேன். கடைசியில் பார்த்தால் என் குதிகாலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பெங்களூர் வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன், குழந்தை குட்டி யாரும் இல்லை. ஆனாலும் அரைமணி நேரம் குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். வேறு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். நீ சிரித்திருக்க மாட்டாய்.

பதினேழு வருஷத்துக்கு முன்னால், அத்தான் குவைத்துக்குப் போயிருந்தார். பத்து மாசப் பாப்பாவோடு நீ கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நம் வீட்டில் இருந்தாய். நான் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து இரண்டு வருஷம், பெண்ணாக மாற ஹார்மோன் மருந்து தொடங்கி நான்கு மாசம். ஊருக்கு நான் இன்னும் உன் தம்பிதான். அப்பாவுக்குக் காலில் ரத்தம் உறைந்து அடைத்ததைக் கேட்ட டாக்டர், எனக்கும் அப்படி வரலாம், மாத்திரை வேண்டாமென்று பேட்ச் எழுதிக்கொடுத்தார். வாரத்துக்கு இரண்டு. தோலில் ஒட்டிக்கொண்டால் ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் தானாக உடம்புக்குள் இறங்கும். கண்ணாடிக் காகிதம் மாதிரி மெல்லிசு, லுங்கிக்குக் கீழே ஒட்டினால் யாருக்கும் தெரியாது. தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

எனக்குக் கல்யாணம் கூடிவர வேண்டிக்கொண்டு அப்பாவும் அம்மாவும் வேளாங்கண்ணிக்கு பஸ் ஏறியிருந்தார்கள். நான் லீவில் வந்திருந்த சனிக்கிழமை, ஆம்பளைகள் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் நாள். நீ நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றாய்.

“வாடா இங்க. ஷாம்பு போட்டுப் போட்டு தலை நாரா கெடக்கு.”

“வேணாம்க்கா.”

“என்ன வேணாம்? கண்ணு கோவப்பழமா செவந்து கெடக்கு. உக்காரு.”

எண்ணெய் பட்டால் பசை விட்டுவிடும் என்று தெரியும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டுமே! உட்கார்ந்துவிட்டேன், கூறுகெட்டவள். எண்ணெய் முதுகு வழியாக இடுப்புக்கு வடிந்தது. சீயக்காய் தேய்க்கும்போது தொட்டுப் பார்த்தேன். ஓரம் மட்டும் கிளம்பியிருந்தது, அழுத்திவிட்டேன். சாப்பிட்டதும் எண்ணெய் தேய்த்த அசதியில் பாயில் சாய்ந்தேன். பாப்பாவை என் பக்கத்தில் கிடத்திவிட்டு நீ கொல்லைக்குத் துணி துவைக்கப் போனாய்.

விழித்ததும் கை இடுப்புக்குத்தான் போனது. இல்லை. பாயிலும் இல்லை. பாப்பா அம்மணமாக உட்கார்ந்து கையைச் சப்பிக்கொண்டிருந்தாள். குழந்தைகள் மேல் இது பட்டுவிடக் கூடாது என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

உடனே உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. அவள் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினேன், வீறிட்டாள். பாயை உதறினேன், கிணற்றடிக்கு ஓடினேன், திரும்ப ஓடிவந்தேன்.

“என்னடா தேடுற?”

“ஒண்ணுமில்லக்கா, பேனா.”

நானே கண்டுபிடித்துவிட்டால் சொல்லாமல் தப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். பத்து நிமிஷம், அக்கா. அதற்கு மேல் முடியவில்லை. அந்த மருந்து என்ன, எதற்கு, நான் யார், எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினேன்.

நீ பாப்பாவை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிப்போய் மடியில் குப்புறப் போட்டு விரலால் தடவித் தடவிப் பார்த்தாய். முழங்கால் மடிப்புக்குள் இருந்தது. உரித்தெடுத்து, சோப்புப் போட்டுக் கழுவினாய். நான் டாக்டருக்கு போன் போட்டு உன் காதில் வைத்தேன். கொஞ்ச நேரம்தானே, பயப்பட வேண்டாம் என்றார். போனை வைத்த பிறகுதான் வெடித்தாய்.

“நீ பொம்பளையா இரு, என்னவா வேணா இரு. அத அப்புறம் பேசிக்கலாம். புள்ள மேல மருந்து ஒட்டியிருக்கும்னு தெரிஞ்சும் பேனாவத் தேடுறேன்னியே, அதான் எனக்கு ஆறல.”

அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டேன், பாப்பாவைத் தொடக்கூட இல்லை.

கிறிஸ்துமசுக்கு வரப் பயந்துகொண்டிருந்தவளை நீதான் போன் போட்டு வரவழைத்தாய். பையை இறக்குவதற்குள் பாப்பாவை என் இடுப்பில் வைத்தாய். அம்மாவுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னாய்: “நாளைக்கு வெள்ளிக்கிழமை. அந்த பேட்ச எடுத்து பத்திரமா வச்சிட்டு வா, ரெண்டு பேரும் எண்ணெய் தேச்சுக்கலாம்.” நம் ஊரில் வெள்ளிக்கிழமை பெண்கள் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் நாள். கிணற்றடிக்குப் போய் முகம் கழுவுகிற சாக்கில் அழுதேன்.

நீ கண்ணை மூடி ஆறு மாசமாகிறது. அடுத்த வாரம் பாப்பா கல்லூரியில் சேர இங்கே வருகிறாள், என்னோடுதான் தங்கப்போகிறாள். வளர்ந்த பெண்ணுக்கு ஒரு பேட்சால் என்ன வந்துவிடப்போகிறது? ஆனாலும் காய்ச்சல் வரும், பஸ் தாமதமாகும், போனை எடுக்க மாட்டாள், என்னென்னவோ இருக்கிறதே. எது நடந்தாலும் இனி ஒரு நிமிஷம்கூட மறைக்க மாட்டேன், அக்கா, முதல் நொடியிலேயே சொல்லிவிடுவேன். யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.