அக்கா வீட்டுச் சாம்பல்

மார்ச் 4, செவ்வாய்

உணவகக்காரர் கடைக்கு நேரில் வந்தார். புதுக் கிளையில் மேசைக்கெல்லாம் நம் கோப்பைதானாம். "கோப்பை மேல அந்தப் பச்சை ஓடுதே, அது மட்டும் போதும்மா. சாதா வேண்டாம்."

தம்பிக்குக் கால் தரையில் இல்லை. எனக்கும்தான். காட்டுத்தீயில் வீடும் சூளையும் போய், இரவல் சூளையில் சுடுகிறார்கள் நம் கடைக்குக் கோப்பை செய்யும் குயவர்கள். இந்த ஒரு ஆர்டர் போதும், புதுச் சூளை எழும்பிவிடும். எரிந்த காட்டின் சாம்பலையே கோப்பைக்கு மெருகாகப் பூசலாம் என்று யோசனை சொன்னது நான். பெருமை அடித்துக்கொள்கிறேன், யார் கேட்கப் போகிறார்கள்?

மார்ச் 6, வியாழன்

ஒன்று உறுத்துகிறது. எல்லாரும் பூசுவது ஒரே சாம்பல். நம் குயவர்களில் அக்கா செய்யும் கோப்பையில் மட்டும் பச்சை எப்படி வரும்? கேட்டேன். "கைராசி" என்று சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிட்டாள். என்னிடம் எதையும் மறைக்காத மனுஷி.

மார்ச் 7, வெள்ளி

சூளைக்கு விறகு போடும் அவள் கொழுந்தன் உளறிவிட்டான். "எங்க பங்குக் காட்டுச் சாம்பலை மழை அடிச்சிட்டுப் போயிடுச்சுக்கா. அண்ணி எரிஞ்சுபோன அவங்க வீட்டுச் சாம்பலைத்தான் சலிச்சுப் பூசுறாங்க."

வீட்டுச் சாம்பல்! ஜன்னல் பெயிண்ட், ஒயர், இன்வெர்ட்டர் பேட்டரி - எல்லாம் சேர்ந்து எரிந்த சாம்பல். பச்சை வந்தது செம்புக் கம்பியிலிருந்து. பேட்டரியிலிருந்து? காரீயம்தானே? ஐயோ, அதுல ஜனங்க டீ குடிக்கிறாங்களே. நானும்தான் குடிக்கிறேன்.

ஒரு கோப்பையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

காரீயம் இருக்கிறது. அதில் குடிக்கவே கூடாதாம்.

தம்பி சொல்கிறான், "பேசாம அனுப்பிடுவோம்க்கா. ஒரு வாய் டீயில யாரு செத்துடப் போறா? சூளை நிக்கணுமா வேண்டாமா?"

கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். அவன் கேட்டதையே நானும் காலையிலிருந்து மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் அவ்வளவு கத்தல்.

மார்ச் 12, புதன்

உணவகக்காரரிடம் சொல்லிவிட்டேன். "நல்லவேளை சொன்னீங்க" என்றார். அதே மூச்சில் ஆர்டரையும் ரத்து செய்தார். பிறகு, பச்சைக் கோப்பை வாங்கியவர்களுக்கெல்லாம் போன். தொண்டை கட்டிவிட்டது.

மார்ச் 13, வியாழன்

அக்காவிடம் போனேன். எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல் நேராகப் போட்டு உடைத்துவிட்டேன். பச்சை எல்லாத்தையும் உடைச்சிடணும், நீங்களும் ரத்தம் பரிசோதிக்கணும், அந்தத் தூசியைச் சுவாசிச்சிருக்கீங்க என்றேன்.

"விஷம்னு தெரிஞ்சா செய்வேனா? வீட்டுல மிச்சத்தையெல்லாம் லாரியில அள்ளிட்டுப் போயிட்டாங்க. என் வீடு கொஞ்சமாவது யார் மேசையிலயாவது இருக்கட்டும்னு நெனச்சேன்." பிறகு, "ஒரு தடவை எரிஞ்சது போதாதா? நீ வேற உடைக்கணுமா?"

கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 17, திங்கள்

அக்கா போனை எடுப்பதில்லை. கொழுந்தன்தான் சொன்னான், பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாளாம். திரும்பி வந்த கோப்பைகள் பின்னறையில் பெட்டி பெட்டியாக. சுத்தியலை எடுத்தேன், வைத்துவிட்டேன். சுத்தக் கோழை.

மார்ச் 22, சனி

சூளைக்கு இப்போதைக்கு வழியில்லை.

கடைக்குப் போனால் பின்னறையில் டிரில் சத்தம். அக்கா! மூக்கை ஈரத்துணியால் கட்டிக்கொண்டு, கோப்பைகளைக் கவிழ்த்து, அடியில் ஓட்டை போடுகிறாள். தம்பிதான் கதவைத் திறந்துவிட்டிருக்கிறான், திருட்டுப்பயல்.

"குடிக்கத்தானே கூடாது? செடி வைக்கலாம்ல?"

"பூச்செடி மட்டும்க்கா. கீரை, தக்காளின்னு எதையும் போட்டுடக் கூடாது."

"அதுகூடத் தெரியாதா எனக்கு? வாய் பார்க்காம தண்ணியை ஊத்து. தூசி பறக்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே."

ஊற்றினேன். அடுத்த கோப்பையை எடுத்தவள் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல அடுப்படி எது, கூடம் எதுன்னு தெரியலை பாரு" என்றாள். டிரில்லை வைத்து அழுத்தினாள்.

நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.