பதினெட்டு சுலபம்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. நீயும் சுகமாக இருப்பாய், இருக்க வேண்டும். அப்பாவுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று. வலி போன பிறகும் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறார். மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. போனில் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று வருத்தப்பட்டாயாம். தங்கச்சி பக்கத்தில் இருந்தாள். அவளை வைத்துக்கொண்டு சொல்ல முடியாததைத்தான் எழுதுகிறேன்.

கைப்பயிற்சிக்குப் புதிதாக வந்திருக்கும் டீச்சர் ஒரு படிவம் கொடுத்தார். பதினெட்டுக் கேள்விகள். சட்டைப் பொத்தான் போடுவது, பாட்டில் மூடி திறப்பது, பையின் ஜிப்பை இழுப்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே முடியாது, கஷ்டம், சுலபம். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. பத்து வயதாகிறதே, அவளே நிரப்பட்டும் என்றார். நான் பதினான்கில் முடியாது போட்டேன். அவள் பதினெட்டிலும் சுலபம் போட்டிருந்தாள். டீச்சர் இரண்டையும் பார்த்துவிட்டு, பொத்தான் எப்படிம்மா போடுவே என்று கேட்டார். அக்கான்னு கூப்பிடுவேன், அவ்ளோதான் என்றாள். அக்காதான் இங்க இல்லையேடி என்றேன். இப்ப இல்ல, அடுத்த மாசம் வந்துடுவால்ல, அதுவரைக்கும் பனியன் போட்டுக்கறேன் என்றாள். டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. மூளைவாதத்தில் மடங்கிக் கிடக்கும் அந்த இடது கையை அவள் குறையாக நினைத்ததே இல்லை. அந்த இடத்தில் நீ இருந்தாய். நீ போய் எட்டு மாதம். அவளைப் பொறுத்தவரை அது வெளியூர் போயிருக்கும் கை.

ஆறு வாரப் பயிற்சி. மடங்கிய கை துணியைப் பிடிக்க வேண்டும், மற்றது பொத்தானைத் தள்ள வேண்டும், வீட்டில் யாரும் தொடக் கூடாது. முதல் வாரம் முழுக்கத் திறந்த சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் எதிரே, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு. பார்க்க முடியாமல் அப்பா வெளியே போய்விடுவார். பள்ளி வேன் மூன்று நாள் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. நாலாம் நாள் டிரைவர் இறங்கி வந்து, கையாலாகாத புள்ளைய ஏம்மா இப்படி வதைக்கறீங்க என்றார். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். உறைக்கவில்லை. அக்கா வரட்டும், உன்னைச் சொல்றேன் என்று என்னை மிரட்டினாள்.

எட்டாம் நாள் உன் பெயரில் ஒரு பொய் சொன்னேன். அக்கா இனிமே வரமாட்டா, உனக்குப் பொத்தான் போட்டுப் போட்டு அவளுக்கு அலுத்துப்போச்சாம், அதனாலதான் அவ்ளோ தூரம் போனாளாம் என்றேன். அவளே சொன்னாளா என்றாள். ஆமாம் என்றேன். அழவில்லை. மனசு கலங்கினால் அந்தக் கை கட்டைவிரலை விழுங்கிக்கொண்டு இறுகுமே, அப்படி இறுகியது. மற்றக் கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். துணி ஓரத்தை உள்ளே திணித்தாள். ஒரு பொத்தானுக்கு இருபத்தாறு நிமிடம். கடித்த உதட்டில் ரத்தம். ஐந்தையும் போட்டாள், ஓர் ஓட்டை தள்ளி. சரிசெய்யப் போன என்னைப் பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு இன்று காலை வரை உன் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. தினமும் போடுகிறாள். நேற்று ஒரு பொத்தானுக்குப் பதினோரு நிமிடம்.

நீ வந்து நின்றால் எல்லாம் அவிழ்ந்துவிடும். உன் கை சும்மா இருக்காது, எனக்குத் தெரியும். அப்பாவுக்கு இது தெரியாது, தெரிய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை உனக்கு அவளே போன் செய்யப் போகிறாளாம். ஒரே கேள்விதான் கேட்பாள். ஆமாம் என்று சொல். காரணம் சொல்லாதே, கொஞ்சாதே, அழுகை வந்தால் போனை வைத்துவிட்டு அழு. உன்னை அவள் வெறுக்கட்டும். நாங்கள் போன பிறகும் அவள் காலையில் எழுந்து சட்டை போட்டாக வேண்டும்.

நீ நன்றாக இருக்க வேண்டும், குறையில்லாமல் இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. டிக்கெட்டை ரத்து செய்துவிடு.

உன் அம்மா