ஹாதோருக்கு யதாஸ்தானம்

அக்கா,

உன் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எகிப்துப் பாடத்துக்காகக் காகிதக்கூழில் செய்த ஹாதோர் தேவி இன்னமும் நம் பூஜை அலமாரியில்தான் இருக்கிறாள், நெற்றியில் குங்குமத்தோடு. "என் வேலை பர்மனென்ட் ஆறதே இந்த ப்ராஜெக்ட்லதான் இருக்கு, நாசம் பண்ணிட்டியே!" என்று நேற்று சாயங்காலம் நீ அம்மாவைப் பார்த்துக் கத்தியதில் அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

தப்பு என்னுடையது. "இதென்னடா, தலையில மாட்டுக் கொம்பு, நடுவுல சூரியன்?" என்று அம்மா கேட்டாள். காமதேனு என்று சொல்லிவைத்தேன். காலேஜ் பத்திரிகைக்கு ஒரு துணுக்கு தேறும் என்று நினைத்தேன். தேறியது. எழுதப்போவதில்லை.

டப்பாவில் எலுமிச்சை சாதம். நான் கிளறியது, உப்பு உன் பாடு. பிரின்சிபால் பத்து மணிக்கு வகுப்புக்கு வருகிறார், ஒன்பது மணி செம்பூர் பஸ்ஸை விடாதே. குங்குமத்தை ஈரத்துணியால் துடைத்தால் பெயிண்டும் வந்துவிடும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டு.

அதற்கு முன் ஒன்று. பூஜை செய்த சாமியை, யதாஸ்தானம் செய்து முறைப்படி வழியனுப்பாமல் அம்மா வாசல் தாண்ட விடமாட்டாள். அதை அவள்தான் செய்யவேண்டும். நீதான் கேட்கவேண்டும்.

எனக்கு ஏழு மணிக்கு பிராக்டிகல். பயந்து ஓடவில்லை. கொஞ்சம் ஓடுகிறேன்.

மாதவ்

பி.கு.: அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "எந்த ஊர்க்காரியா இருந்தா என்னடா, ஆத்துக்கு வந்தவளை வெறும் நெத்தியோடயா அனுப்பறது?" என்றாள். உன்னைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஆனால் குளித்துவிட்டு வந்து அலமாரி முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாள். பூஜை எப்போதோ முடிந்துவிட்டது.