கவுண்ட்டவுனில் கேட்ட ஊர்ப்பெயர்

என் பிள்ளையின் வாப்பாவுக்கு, சலாம்.

நேற்று மாலை நம் ராக்கெட் ரசிகர் குழு இணையத்தில் கூடி, விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் தனியார் ராக்கெட் கிளம்புவதைப் பார்த்தோம். மஸ்கட்டில் ரூமில் இருப்பதாகச் சொல்லி நீங்களும் வந்தீர்கள், முகம் காட்டாமல் குரல் மட்டும்.

கவுண்ட்டவுன் ஓடும்போது மகளிடம், "பையப் பையதான் ஏறும், கண்ணெடுக்காம பாரு புள்ள" என்றீர்கள். அப்போது உங்களுக்குப் பின்னால் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் ஒருவர், "வள்ளியூர், நாகர்கோயில் ஏறு, ஏறு" என்று கத்தினார். உடனே உங்கள் குரல் நின்றுவிட்டது. ராக்கெட் மேலே போனதும் எல்லோரும் கைதட்டினார்கள். நான் அதைப் பார்க்கவேயில்லை.

"வாப்பா ஊர்லயா இருக்காவ?" என்று மகள் கேட்டாள்.

"டிவி சத்தமா இருக்கும்ளா" என்றேன்.

வேலை போயிற்றா? உடம்புக்கு ஏதாவதா? என் மேல் கோபமா? எதையும் நம்ப முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை.

காலையில் உங்கள் கூட்டாளி ஹாஜாவிடம் போய், மஸ்கட்டுக்குக் கடிதம் அனுப்ப வேண்டும் என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "குடுங்க, சேத்துருதேன்" என்றார். எத்தனை நாளாகும் என்று கேட்டேன்.

"சாயங்காலத்துக்குள்ள" என்றார்.

காரணம் கேட்கமாட்டேன் என்று எழுத நினைத்தேன். கேட்பேன். ஆனாலும் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் உம்மா