கடைசித் தாளுக்கு ஒரு சாட்சி

காயல்பட்டினம்
11.08.2025

அன்புத் தங்கை ஹபீபாவுக்கு, உன் ராத்தா செய்யிது மர்யம் எழுதுவது. உனக்கும் உன் மாப்பிள்ளைக்கும் நீங்கள் இருக்கும் அந்தக் குளிர் ஊருக்கும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். நானும் உன் மச்சானும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். மனதுக்குத்தான் சரியில்லை.

போனை வைத்துக்கொண்டு ராத்தா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று கேள்வி கேட்பாய். பேராசிரியை ஆன பிறகு வந்த பழக்கம் இல்லை அது, ஐந்து வயதிலேயே உனக்கு அப்படித்தான். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

உம்மா நமக்குப் பாதி பாதியாக எழுதிவைத்த வீட்டில் உன் பாதி பூட்டியே கிடக்கிறது. வெள்ளம் வந்த கறை சுவரில் இடுப்பு உயரத்துக்கு அப்படியே இருக்கிறது. இரண்டு தடவை வெள்ளையடித்தும் உப்புப் பூத்து மேலே வந்துவிட்டது. ஊரில் மற்றப் பெண்களுக்கு மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து தங்குகிறார், பெண்ணுரிமை எழுதுகிற என் தங்கை மட்டும் மாப்பிள்ளை பின்னாலேயே போய்விட்டாள் என்று உன்னைக் கேலி செய்வேனே, இப்போது அதற்கும் வாய் வரவில்லை.

நாம் பெண்கள் கூடி ஓதுகிற தைக்காவின் அலமாரியைத் திறந்து, அந்தக் காலத்தில் நம் தெருவில் ஞானப்பாட்டு பாடிய சாறா உம்மாளின் கையெழுத்து ஏட்டில் கடைசித் தாளைப் படம் எடுத்து அனுப்பு என்று நான்கு முறை கேட்டுவிட்டாய். முதலில் சாவி இல்லை என்றேன். பிறகு வெள்ளையடிக்கிறார்கள் என்றேன். போன வாரம் எனக்குக் கண்வலி என்றேன். மூன்றும் பொய். அந்த ஏடு தைக்காவில் இல்லை, ஹபீபா. ஒன்றரை வருடமாகக் கடலுக்குள் கிடக்கிறது. அனுப்பிவைத்தவள் நான்தான்.

முதலில் இருந்தே சொல்கிறேன். சாட்சி சொல்பவள் அப்படித்தானே சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்ததும் இதில் வரும், பொறுத்துக்கொள்.

கோடை விடுமுறைகளில் நீ வந்து தைக்காவில் உட்கார்ந்து அந்த ஏட்டின் பாட்டுகளைக் கையால் எழுதி எடுத்துப் போனாய். படம் எடுக்கிறேன் என்றாய். பெண்கள் முக்காடு விலக்கி இருக்கிற இடத்தில் போனை நீட்டக் கூடாது என்று தடுத்தவளும் நான்தான். பிறகு, வெள்ளம் வந்த வருடம் ஒரு திங்கட்கிழமை, அஸர் தொழுதுவிட்டு உம்மாவும் நானும் ஏட்டைத் தூசி தட்டும்போது பச்சைத் துணி உறை ஒரு பக்கம் பிரிந்து, உள்ளே ஒட்டியிருந்த ஒரு தாள் தெரிந்தது. தமிழ்தான், அரபு எழுத்தில். உம்மாவுக்குக் கண் மங்கிவிட்டதால் நான் வாசித்தேன், அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுத்து எழுத்தாகக் கூடவே பார்த்தார். இந்தப் பாட்டுகள் என் சொல், என் மாப்பிள்ளையின் சொல் அல்ல, என்னிடம் வழி கேட்டு வந்தவர் இருபத்தொரு பேர், அதில் திரைக்கு அப்பால் நின்று இந்தத் துணியின் நுனியைப் பிடித்து உறுதி சொன்ன ஆண்கள் மூவர் என்று சாறா உம்மாள் எழுதியிருந்தார். ஏளா, இந்தத் துணியேதானா அது என்று உம்மா கேட்டுவிட்டு அந்தப் பச்சைத் துணியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அன்றே உனக்குப் போனில் வாசித்தேன். நீ அந்தப் பக்கம் அழுதாய், அடுத்த விடுமுறைக்கு வந்து கண்ணால் பார்க்கிறேன் என்றாய். ஆண்களுக்கும் ஒரு பெண் முர்ஷிதாக, ஞானகுருவாக இருந்து வழிகாட்டியிருக்கிறாள், அதுவும் நம் தெருவில் என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். உன் புத்தகமே அந்தத் தாள்மேல்தான் நிற்கிறது. இப்போது யாரோ ஒரு பேராசிரியர் அப்படி ஒரு தாளே கிடையாது, சாறா உம்மாள் கணவர் சொன்னதை எழுதிவைத்தவர் மட்டும்தான் என்று எழுதிவிட்டார், இந்த மாதக் கடைசிக்குள் தாளைக் காட்ட வேண்டும் என்கிறாய்.

அந்த டிசம்பர் வெள்ளத்தில் உம்மா மவுத்தானார். அடக்கம் செய்யும் மையவாடியில் தண்ணீர் நின்றது. கரண்ட் இல்லை, ரயில் இல்லை, போன் இல்லை. நீ வந்து சேர்ந்தது அடக்கம் முடிந்து நான்காம் நாள். அதற்கு உன்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் இருந்த மூன்று நாளில் இரண்டு நாளைத் தைக்காவில் நனைந்த ஏட்டோடு கழித்தாய். தாள்கள் ஒட்டிப்போயிருக்கின்றன, யாரும் பிரிக்கக் கூடாது, நிழலில் உலரட்டும், சென்னையில் இருந்து தெரிந்தவரை அனுப்புகிறேன் என்றாய். என் பக்கத்தில் உட்கார்ந்து உம்மா கடைசியாக என்ன சாப்பிட்டார், என்ன கேட்டார் என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், உன்னைத்தான் கேட்டார் என்று. அந்தக் கோபம் எனக்கு அப்படியே இருந்தது.

சென்னைக்காரர் வரவில்லை. நோன்புக்கு முன்னால் தைக்காவைக் கழுவிச் சுத்தம் செய்தோம். நம் வழக்கம் உனக்குத் தெரியும். கிழிந்த குர்ஆன் தாள், பழைய ஓதும் புத்தகம் எதுவும் குப்பையில் போகக் கூடாது. சாக்கில் கட்டி, கல் கட்டி, ஆழத்தில் சேர்க்க வேண்டும். வெள்ளத்தில் கெட்டுப்போன தாள்கள் மட்டும் அந்த வருடம் மூன்று சாக்கு. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, பூசணம் பிடித்து, எது எதென்று தெரியாமல் கிடந்தன. கூடமாட வேலைக்கு வந்த பேச்சிச்செல்விதான், யக்கா, பச்சைத் துணி சுத்துன நோட்டு ஒண்ணு இதுல கெடக்கே, பாக்க வேண்டாமா என்று கேட்டாள். எல்லாம் ஓதுற எழுத்துதான், கட்டுளா என்றேன்.

தெரியாமல் நடந்த பிழை என்றுதான் இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை அது. அந்தத் துணி என் கையில் பட்டது. பிரித்துப் பார்த்திருக்கலாம். உம்மாவைவிட அவளுக்கு இதுதானே பெரிதாக இருந்தது என்று மனதுக்குள் ஒரு எண்ணம் ஓடியது, கை பிரிக்கவில்லை. இறைவனிடம் தினமும் சொல்கிறேன். உன்னிடம் இன்றுதான் சொல்கிறேன்.

நீ முதல் தடவை கேட்ட மறுநாளே சாகுபுரம் தாண்டிப் புன்னைக்காயலுக்கு ஓடினேன். வருடா வருடம் நம் சாக்குகளைப் படகில் கொண்டுபோகிற அற்புதமணி அண்ணனைப் பிடித்தேன். அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். எந்த வேதமானாலும் காலுல மிதிபடக் கூடாதுன்னு மத்தவுகளவிட ஆழத்துல கொண்டு போட்டேனேம்மா, பதினேழு பாகம் என்றார். ஆனாலும் தூத்துக்குடியில் சங்கு குளிக்கிற இரண்டு பேரிடம் விசாரித்தார். காயிதம் கடல்ல ஒன்றரை வருசம் நிக்குமா அண்ணாச்சி என்று அவர்கள் கேட்டார்களாம்.

இந்தக் கடிதத்தையும் அரபு எழுத்தில் எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். அப்படி எழுதினால் இதையும் யாராவது மரியாதையாகக் கடலில் சேர்த்துவிடுவார்கள் என்று தோன்றியது. நீ சிரிக்க மாட்டாய். நானும் சிரிக்கவில்லை.

அந்தத் தாளைக் கண்ணால் பார்த்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், உம்மாவும் நானும். உம்மா மண்ணுக்குள் இருக்கிறார். ஒரு ஆண் சாட்சிக்கு இரண்டு பெண்கள் என்று பேசுகிறவர்களுக்கு இனி கணக்கு முடியாது. ஆனால் உன் முதல் புத்தகத்தில் அந்தக் குர்ஆன் ஆயத்துக்கு விளக்கம் எழுதி, ஒரு பெண்ணின் ஒற்றைச் சொல்லும் முழுச் சொல்தான் என்று நிறுவினாயே. அந்த அத்தியாயத்தை நேற்று மறுபடி எடுத்துப் படித்தேன். நீ படித்தவர்களை நினைத்து எழுதியிருப்பாய். அதில் பத்தாவதோடு நின்ற உன் ராத்தாவும் உண்டா?

உண்டென்றால் என் பெயரைப் போட்டு எழுது. காயல்பட்டினம் செய்யிது மர்யம் அந்தத் தாளை வாசித்தாள், அவள்தான் அதைக் கடலுக்கும் அனுப்பினாள், இரண்டையும் அவளே ஒப்புக்கொள்கிறாள் என்று எழுது. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்காதே. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து என் சொல்லைப் பாதியாக்கிவிடாதே. அவர்கள் நம்பாவிட்டால் போகட்டும். நீ நம்ப வேண்டும் எனக்கு.

இறைவன் உன் கல்வியில் பரக்கத் செய்யட்டும். உன் பாதி வீட்டை நேற்றுக் கழுவிவிட்டேன், சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. வருகிறபோது முதலில் தைக்காவுக்குப் போகாதே. என்னிடம் வா. உம்மா கடைசியாக என்ன கேட்டார் என்று கேள்.

உன் துஆவை எதிர்பார்க்கும் ராத்தா,
செய்யிது மர்யம்