பாதிப் பாலம்

12.9.94 திங்கள். தூறல்.
சப்பாத்து இரவல், ஹெல்காவின் மகளுடையது. ஒரு சைஸ் பெரிது. இரண்டு சோடி காலுறை.
பையில்: பாண், அவித்த முட்டை, அக்காவுக்கு மிளகாய்த்தூள், அனுமதிக் கடிதம் (பிளாஸ்டிக் உறையில்).

நாங்கள் நடக்கிறது முந்நூறு வருடத்துக்கு முன் மதப் பிரச்சினையில் தப்பி ஓடிய சனம் நடந்த பாதையாம். வேதக் கோயில் ஆட்கள் ஆறு பேர், நான் ஏழாவது. ஹெல்கா தலைவி, ஓய்வுபெற்ற ஆசிரியை.

இந்த நாட்டில் அகதி தன் மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது. பிடிபட்டால் வழக்குக்கே கேடு. அக்கா பக்கத்து மாவட்டத்து அகதி விடுதியில் (ஹைம்). பார்த்து மூன்று வருடம். போக மூன்று தரம் விண்ணப்பித்தேன். "போதிய காரணம் இல்லை." பழைய அகதிகளின் பாதையில் நடக்க என்று கேட்டதும் ஒரே கிழமையில் முத்திரை குத்தித் தந்தார்கள். சிரிக்கிறதா, கத்துகிறதா?

பாதை அக்காவின் மாவட்டத்துக்குள்ளாலும் போகிறது. புதன் மத்தியானம் 12, பாலத்தடியில், வழிப்போக்கர் இருந்து இளைப்பாறும் வாங்கில் சந்திப்பு. அக்காவுக்கு எழுதியாயிற்று.

13.9. செவ்வாய். மழை, மழை.
குதிக்காலில் கொப்புளம். ஹோர்ஸ்ட் என்றொரு கிழவர், கல்வெட்டு ஒன்று விடாமல் நின்று வாசிக்கிறார். "இங்கே அவர்களுக்குச் சூப் கொடுத்தார்கள்." "நடவுங்கோ ஐயா" என்று தமிழில் சொன்னேன். சந்தோசமாகத் தலையாட்டினார்.
ஹெல்கா: "அவர்களுடைய பயத்தை உணர முடிகிறதா?" முடிகிறது என்றேன். எனக்கு நாளைய மழையை நினைத்துத்தான் பயம்.

14.9. புதன், காலை.
ஹோர்ஸ்டுக்கு முழங்கால் வீக்கம். பாதை முழுக்கச் சேறு. இன்றைக்கு எல்லாரும் பஸ்ஸாம். பஸ் பாலத்தடிக்குப் போகாது. அக்காவுக்கு அறிவிக்க வழியில்லை.

கடிதத்தை விரித்துக் காட்டினேன். "கால்நடையாக மட்டும்." பஸ் ஏறினால் எனக்குச் சட்டமீறல் என்றேன். ஹெல்கா கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தார். முத்திரையையும் பார்த்தார். "அப்படியானால் நடக்கத்தான் வேண்டும்." மற்றவர்கள் பஸ்ஸில், நாங்கள் இரண்டு பேரும் சேற்றில். இந்த நாட்டுக் கடதாசி ஒன்று எனக்காக வேலை செய்தது இதுதான் முதல் தரம்.

பின்னேரம்.
2.20க்குப் போய்ச் சேர்ந்தோம். வாங்கில் அக்கா, குடையோடு.
"பன்னிரண்டு மணி எண்டெல்லோ எழுதினனீ?"
பிறகு கட்டிப்பிடித்தாள். இடியப்பப் பார்சல் நடுவில் நசிந்தது. மூன்று வருடக் கதைக்கு அரை மணித்தியாலம். ஹெல்கா தள்ளிப் போய் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்லாயிருக்கட்டும் அந்த மனுசி.

பாலத்துக் கல்வெட்டு: இதைக் கடந்த பிறகு அவர்களை ஒருவராலும் பிடிக்க முடியவில்லை. இப்போது பாலத்தின் நடுவில் அக்காவின் மாவட்டம் முடிகிறது. அங்கால் வேறு மாவட்டம். போக என்னிடம் கடிதம். அக்காவிடம் இல்லை.
"வாங்கோ அக்கா, ஆர் பாக்கினம்?"
"ஏலாது பிள்ளை. வாற மாசம் எனக்கு விசாரணை."
குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.
"பாதிப் பாலம் என்ரை பக்கம்தானே. அதுமட்டும் வாறன்."
என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நடுவில் நின்றாள். குடையை என் கையில் திணித்தாள்.
"நனையாமப் போ."