சோப்பு வாசனை

என் தங்கத்துக்கு,

மூன்றாவது கீமோவுக்குப் பிறகு உடம்பு எப்படி இருக்கிறது? வாய்ப்புண் ஆறியதா? நான் நலம்.

இங்கே ஒரு வேடிக்கை. சலவைக்கூடத்தில் சோப்பு வாசனையே வரவில்லை, மட்டமான சரக்கு என்று சூப்பர்வைசரிடம் சண்டைக்குப் போனேன். அவர் சட்டென்று பின்வாங்கி, "சோப்பு நல்லாத்தான்யா இருக்கு. உன் மூக்குதான் லீவு போட்டிருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் ஒருவரும் பக்கத்தில் வரவில்லை. பரிசோதனையில் தொற்று என்று வந்து, தனி அறையில் இருக்கிறேன். லேசானதுதான். போனில் இருமலை மறைக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த வாரம் ஊருக்குக் கிளம்புவதாக இருந்தேனே, அது இப்போது இல்லை. மூக்கு மட்டும் காட்டிக்கொடுக்காவிட்டால், வெள்ளையணு குறைந்து கிடக்கிற உனக்கு நானே இதைக் கொண்டுவந்து தந்திருப்பேன். காய்ச்சல் கண்டால் மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

ஒரு சின்ன உதவி. நீ தலையில் கட்டுகிற துணி ஒன்றைத் துவைக்காமல் அனுப்பு. மூக்கு திரும்பிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

உறையை எச்சில் தொட்டு ஒட்டமாட்டேன், தண்ணீர்தான். இருந்தாலும் உன் தம்பியே பிரித்து, தள்ளி நின்று வாசிக்கட்டும் என்று மேலேயே எழுதிவிடுகிறேன். நீ தொடாதே.

உன்னவன்